ஏழாம் மேடையின் சிப்பி

உத்திரமேரூர் கடைத்தெருவில் உபைதுல்லாவின் கடையில் போர்வெல் பைப்பு, மோட்டார், கேபிள், கயிறு எல்லாம் கிடைக்கும். கடைக்கு மேலே மாடியில் என்ன நடக்கிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கம்ப்யூட்டர் கிளாஸ் என்பார்கள். ஆதார் திருத்துகிறார்கள் என்பார்கள். "அந்தப் பொண்ணு பிளாட்ஃபார்ம் பாக்குதாம்" என்று யாரோ சொல்லப்போக, செங்கல்பட்டு வண்டி எத்தனையாவது பிளாட்ஃபார்மில் வரும் என்று விசாரிக்க ஒரு பெரியவர் படியேறி வந்ததும் உண்டு.

உண்மையில் அந்த மாடி அறையில் உட்கார்ந்து உபைதுல்லாவின் மனைவி ஹசீனா அரபிக்கடலில் நிற்கும் ஒன்பது எண்ணெய் மேடைகளின் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாள். கடலடி மண்ணில் கால் ஊன்றி, தண்ணீருக்கு மேல் நாலைந்து மாடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் இரும்புக் கட்டடங்கள் அவை. ஆட்கள் அங்கேயே தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, எண்ணெய் எடுக்கிறார்கள். ஒன்பதில் ஒன்றைக்கூட ஹசீனா நேரில் பார்த்ததில்லை. ஒருமுறை ஹெலிகாப்டரில் ஏற்றிப்போகிறோம் என்று மும்பைக்குக் கூப்பிட்டார்கள். காற்று சரியில்லை என்று ஓட்டலில் உட்கார வைத்து, அப்படியே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவளைப் பெற்ற அத்தா கிதர் முகம்மது தென்னேரியில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஹசீனா காஞ்சிபுரத்தில் பள்ளி முடித்து, சென்னையில் கட்டுமானப் பொறியியலில் மேல்படிப்பு வரை போனாள். சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்தது. கல்யாணத்துக்குப் பிறகும் பல வருடம் பஸ் மாறி, பஸ் மாறிப் போய்வந்தாள். கொரோனா வந்ததும் எல்லாரையும் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். கொரோனா போனபின் எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். ஹசீனாவை மட்டும் விட்டுவைத்தார்கள். அவள் வேலையில் தவறு வரவில்லை என்பதுதான் காரணம். தவறு வந்தால் அந்தச் சலுகை போய்விடும் என்று யாரும் எழுதித் தரவில்லை. எழுதித் தரத் தேவையும் இல்லை.

இப்போது வயது நாற்பதை நெருங்குகிறது. கழுத்து பிடித்துக்கொண்டே இருக்கிறது. கண்ணாடி போட்டும் மாலையானால் திரையில் எழுத்து நெளிகிறது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மே மாதத்தில் மின்விசிறி சூட்டை இறக்கிக் கீழே அனுப்புவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

வேலை இதுதான். ஒவ்வொரு மேடையிலும் அசைவை அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன. அலை அடிக்கும்போது மேடை மிக லேசாக ஆடும். மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். ஒரு தடவை அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வர மேடை எடுத்துக்கொள்ளும் நேரம் அதன் நாடி மாதிரி. இரும்பு எங்காவது விட்டுப்போனால் மேடை தளரும், ஆட்டம் மெதுவாகும். இன்னொரு பக்கம், ஒவ்வொரு குழாயையும் ஒவ்வொரு இணைப்பையும் அப்படியே கணக்கில் ஏற்றி, கம்ப்யூட்டரில் அதே மேடையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அலுவலகத்தில் அதற்கு 'மாடல்' என்று பெயர். கடலில் நிற்கும் மேடையின் நாடியும் மாடலின் நாடியும் ஒத்துப்போனால் பச்சை. கொஞ்சம் விலகினால் மஞ்சள். நிறைய விலகினால் சிவப்பு. வெள்ளிக்கிழமை தோறும் ஒன்பது மேடைக்கும் நிறம் எழுதி ஹசீனா எண்ணெய்க் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். பல வருடமாக, ஐந்தாம் மேடைக்கு ஒரே ஒருமுறை தவிர, ஒன்பதும் பச்சைதான்.

ஏன் எப்போதும் பச்சை என்றால், அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. மேடையின் கால்களில் சிப்பியும் பாசியும் ஒட்டி வளரும். வளர வளர எடை கூடும். எடை கூடினாலும் ஆட்டம் மெதுவாகும். அதனால் நாடி கொஞ்சம் தளர்ந்தால், சிப்பி வளர்ந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு, மாடலிலும் சிப்பியின் கனத்தைக் கொஞ்சம் ஏற்றிவிடுவார்கள். இரண்டும் ஒத்துப்போகும். 'ட்யூனிங்' என்று இதைச் சொல்வார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்வது. ஹசீனா சேருமுன்பே இருந்த வழக்கம். அவளும் செய்தாள். உலகத்தில் இந்த வேலை செய்கிற எல்லாரும் ஏதோ ஒரு வகையில் செய்கிறார்கள், அதில் தப்பில்லை. சிப்பி நிஜமாகவே வளரத்தான் செய்கிறது.

அன்று வியாழக்கிழமை. ஏழாம் மேடையின் நாடி மறுபடி தளர்ந்திருந்தது. சிப்பியை இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டும். ஏற்றுமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று ஐசக்குக்குப் போன் போட்டாள். அவர் திண்டிவனத்துக்காரர். ஏழாம் மேடையில் பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசர். ஹசீனாவின் சென்சார்களுக்கும் அவர்தான் காவல்.

"டாக்டரம்மா! எங்க ஆளு எப்பிடி கீறாரு? நாடி பாத்தாச்சா?"

"பாத்துக்கினே கீறேன்ணா. ஆறாவது சென்சார் மட்டும் அப்பப்ப தூங்கிடுது."

"உப்பு பூத்துக் கெடந்துச்சு. தொடச்சி மாட்டிட்டேன். அதுவும் மனுசன் தானே, இந்த வெயில்ல தூங்காம இன்னா பண்ணும்?"

"ஒரு விஷயம்ணா. இந்த வருஷம் கால்ல சிப்பி ஜாஸ்தியா?"

"சிப்பியா? ஏது சிப்பி?" ஐசக் சிரித்தார். "பொங்கலுக்கு முன்னாடியே ஒரு கூட்டம் வந்து மொத்தத்தையும் சுரண்டிட்டுப் பூட்டானுங்க. வந்தவனுங்க கோழி அத்தனையும் தின்னுட்டு, எங்களுக்கு ஒரு வாரம் சாம்பார். எட்டிப் பாத்தா காலெல்லாம் தொடச்சி வெச்ச பாத்திரம் மாதிரி கீது."

ஹசீனா மௌஸிலிருந்து கையை எடுத்தாள்.

"எங்ககிட்ட யாரும் சொல்லலயேண்ணா."

"அது பெயிண்ட் டிபார்ட்மென்ட் வேல. உங்களுது டேட்டா டிபார்ட்மென்ட். அவன் உங்ககிட்ட எதுக்கு சொல்றான்? நீங்களும் கேக்கல."

"கேக்கல" என்று ஹசீனா ஒப்புக்கொண்டாள்.

போனை வைத்துவிட்டு மாடலைத் திறந்தாள். மாடலில் ஏழாம் மேடையின் கால்கள் மேலிருந்து கீழ்வரை கனத்த சிப்பிப் போர்வை போர்த்திக்கொண்டு நின்றன. கடலிலோ இரும்பு வெறுமனே நிற்கிறது. சிப்பியைச் சுரண்டினால் எடை குறைந்து, ஆட்டம் விரைவாகி இருக்க வேண்டும். ஆகவில்லை. தளர்ந்துகொண்டே போகிறது. அப்படியானால் அந்தத் தளர்ச்சி சிப்பியால் வந்ததல்ல.

அவள் மாடலில் சிப்பியை முழுக்க எடுத்துவிட்டுக் கணக்கை ஓட்டினாள். திரையின் மூலையில் இருந்த பச்சை வட்டம் சிவப்பாகியது.

இதுவரை அந்த வட்டம் ஒரே ஒரு எண்ணை வைத்து நிறம் மாற்றியது. எல்லாத் திசை ஆட்டங்களின் விலகலையும் கூட்டிச் சராசரி எடுத்த எண் அது. அந்தச் சராசரியைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். ஹசீனா இப்போது திசைவாரியாகப் பிரித்துப் பார்த்தாள். கிழக்கு மேற்காக மேடை அன்றைக்கு எப்படியோ இன்றைக்கும் அப்படியே ஆடியது. வடக்கு தெற்காக மட்டும் சோர்ந்து ஆடியது. சிப்பி என்றால் சுற்றிலும் ஒட்டும், இரண்டு திசையும் சோர வேண்டும். அடியில் மண் அரித்தாலும் இரண்டு திசையும் சோர வேண்டும். ஒரு திசை மட்டும் சோர்ந்தால், அந்தத் திசையைத் தாங்கும் குறுக்குக் குழாய்களில் ஒன்று, தண்ணீருக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாமல், விட்டுப்போயிருக்கலாம்.

இருக்கலாம் என்பதுதான் தொல்லை. சென்சார் பொய் சொல்லவும் கூடும்.

கீழே கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து மாமியார் அலிமாவின் குரல் வந்தது. "ஹசீனா! கடல்ல கீற இரும்புக்கு ஒரு குறையும் வராது. நீ எறங்கி வந்து ஒரு வாய் சோறு துன்னு. எனக்கு மாடி ஏற முட்டி ஒத்துக்கல."

சாப்பிடும்போது உபைதுல்லா அவள் முகத்தைப் பார்த்தான். "இன்னா, மூஞ்சி கரண்ட் போன வூடு மாதிரி கீது?"

அவள் சொன்னாள். சிப்பி, சுரண்டல், ஒரு திசைச் சோர்வு. அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டான்.

"இதானா சமாச்சாரம்? மோட்டார் பொகஞ்சிடுச்சின்னு ஆளு தூக்கியாந்தா நாங்க வோல்டேஜ் மேல பழி போடுவோம். நீங்க படிச்சவங்க, சிப்பி மேல போட்டுட்டீங்க."

"சிரிக்காதீங்க. இந்த மாசம் கடைசியில அந்தப் பக்கம் மழ புடிச்சிடும். அப்புறம் கடல் கொந்தளிக்கும். ஐப்பசி வரைக்கும் ஒரு படகும் கிட்ட போவாது, ஒரு ஆளும் கீழ எறங்க மாட்டான். பாக்கணும்னா இப்பவே பாக்கணும்."

"பாக்கச் சொல்லு."

"சொல்லி, எதுவும் இல்லன்னா?"

அவனுக்கும் பழைய கதை தெரியும். இரண்டு வருடம் முன்பு ஐந்தாம் மேடைக்குச் சிவப்பு கொடுத்தார்கள். படகு போனது, முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள், தேடினார்கள். கடைசியில் சென்சாரைப் பிடித்திருந்த ஒரு போல்ட்டு லூசாக இருந்தது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஹசீனாவின் கம்பெனியை எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் 'போல்ட்டு கம்பெனி' என்றே கூப்பிட்டார்கள். இன்னொரு முறை அப்படி ஆனால் ஒப்பந்தம் போகும். மாடி அறை போகும். மறுபடி விடியற்காலை பஸ், மறுபடி சோழிங்கநல்லூர், அல்லது வேலையை விட்டுவிட்டுக் கீழே கல்லாவில் உட்காருவது.

இன்னொரு பக்கம் ஏழாம் மேடையில் நாற்பது பேர் படுத்துத் தூங்குகிறார்கள். ஒரு குழாய் விட்டால் மேடை விழுந்துவிடாது. அதன் பாரத்தைப் பக்கத்துக் குழாய்கள் எடுத்துக்கொள்ளும். மழைக்கால அலைகள் இரவும் பகலும் அடிக்கும்போது அந்தப் பக்கத்துக் குழாய்களும் எத்தனை நாள் எடுத்துக்கொள்ளும் என்பதுதான் கேள்வி.

மதியத்துக்கு மேல் மோகன்குமாருக்குப் போன் செய்தாள். அவளுடைய மேலாளர். சோழிங்கநல்லூரில் உட்காருகிறவர். கெட்ட மனிதர் அல்ல. களைத்த மனிதர்.

"சார், ஏழுல சிப்பியே இல்ல சார். தை மாசத்துக்கு முன்னாடியே சுரண்டிட்டாங்களாம்."

"சரி."

"சிப்பிய எடுத்துட்டு ஓட்டினா சிவப்பு வருது."

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிடும் ஓசை. "மாடல்ல மண்ணை இளக்கிப் பாத்தியா? அடியில அரிப்பு இருக்கலாம்."

"பாத்தேன் சார். ஒத்து வரல. வடக்கு தெற்கு மட்டும் தான் சோருது."

"சென்சார்?"

"ஆறு மட்டும் தான் சந்தேகம். அதை விட்டுட்டுப் பாத்தாலும் அதே தான்."

மோகன்குமார் பெருமூச்சு விட்டார். "ஹசீனா, போன தபா அந்த போல்ட்டு மீட்டிங்ல நீ இல்ல. நான் இருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் பன்னெண்டு பேர். ஒருத்தர் ஒரு போல்ட்டைக் கொண்டாந்து என் முன்னாடி வெச்சார். ஞாபகார்த்தமா வெச்சிக்கோங்கன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"தெரியும் சார்."

"இந்த வாரம் பச்சை குடுத்துட்டு, அடுத்த மாசம் நிதானமா ஆராயலாமே?"

"அடுத்த மாசம் மழை சார்."

நாற்காலி மறுபடி கிரீச்சிட்டது. அவருக்கும் மழை நினைவு இருந்தது என்று ஹசீனாவுக்குத் தெரிந்தது.

"நாளைக்கு சாயந்தரத்துக்குள்ள எந்தக் குழாய்னு காட்டு" என்றார் கடைசியில். "சும்மா 'எங்கயோ'ன்னா யாரும் படகு அனுப்ப மாட்டாங்க. இடத்தைச் சொல்லு. சொல்ல முடியலன்னா பச்சை."

வெள்ளிக்கிழமை மதியம் உபைதுல்லா ஷட்டரை இறக்கிவிட்டு ஜும்ஆ தொழுகைக்குப் போவான். பைப்பை இழுத்துப்போடுகிற சத்தம், டெம்போ பின்வாங்கும் சத்தம், விலை பேசும் சத்தம் எல்லாம் ஒரு மணி நேரத்துக்கு ஓயும். வாரம் முழுக்க ஹசீனாவுக்கு நிம்மதியாகக் கிடைப்பது அந்த நேரம்தான். அன்றும் அதற்காகவே முக்கியமான கணக்கை ஒதுக்கி வைத்திருந்தாள். மதியத்து லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

செய்ய வேண்டியது சள்ளை பிடித்த வேலை. மாடலில் ஒரு குழாயை வெட்டு. கணக்கை ஓட்டு. கடலிலிருந்து வந்த நாடியோடு ஒப்பிடு. ஒத்துவரவில்லையா, அந்தக் குழாயை ஒட்டிவை. அடுத்ததை வெட்டு. மேல்தட்டுக் குழாய்களில் ஒன்றும் சரிவரவில்லை. வெட்டினால் மாடல் அளவுக்கு மீறிச் சோர்ந்தது, அல்லது சோரவே இல்லை. கீழே போகப் போக நெருங்கி வந்தது. நடுவில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. மின்விசிறி நின்றது. வியர்வை கண்ணாடியில் வழிந்தது, துடைக்கலாமென்றால் துப்பட்டாவும் ஈரமாக இருந்தது.

கீழிருந்து இரண்டாவது தட்டில் இரண்டு குழாய்கள் பொருந்தின. ஒன்று மேடையின் கிழக்கு முகத்தில், ஒன்று மேற்கு முகத்தில். இரண்டுமே வடக்கு தெற்காகப் போய் அந்தத் திசையைத் தாங்குபவை. எதை வெட்டினாலும் ஆட்டத்தின் நேரம் கடலோடு ஒத்துப்போனது. இரண்டையும் எழுதினால் மோகன்குமார் ஒத்துக்கொள்வாரா? எண்ணெய்க் கம்பெனி ஒத்துக்கொள்ளுமா? "ரெண்டுல ஒண்ணா? உங்க மாடல் சீட்டுக் குலுக்குதா?" என்பார்கள்.

அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிடலாம் போல இருந்தது. நிஜமாகவே ஒரு கணம் தூங்கியிருப்பாள்.

ஒரு பக்கம் தாங்கல் விட்டுப்போனால் மேடை நேராக ஆடாது. ஆடும்போது கொஞ்சம் திருகும். பலமில்லாத பக்கம் கூடுதலாகப் போய்வரும். கிழக்கு ஓரத்துச் சென்சாரையும் மேற்கு ஓரத்துச் சென்சாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். மேற்கு ஓரத்தில் இருப்பதுதான் ஆறாவது சென்சார், அந்தத் தூங்குமூஞ்சி. ஐசக் துடைத்து மாட்டியபின் வந்த அளவுகளை மட்டும் எடுத்தாள். நேற்றிலிருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. பிறகு, அவர் துடைப்பதற்கு முன்பு விழித்திருந்த நேரத்து அளவுகளையும் எடுத்தாள். இரண்டிலும் கிழக்கு ஓரம்தான் கூடுதலாகப் போய்வந்தது.

கீழே ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது.

அவள் எழுதி அனுப்பினாள். ஏழாம் மேடை: சிவப்பு. கிழக்கு முகம், கீழிருந்து இரண்டாவது தட்டு, குறுக்குக் குழாய். அனுப்புமுன் மோகன்குமாருக்குப் படத்தைக் காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"எண்ணெய்க் கம்பெனில கூப்பிட்டா நீ தான் பேசணும். நான் லைன்ல இருப்பேன், பேச மாட்டேன்."

"சரி சார்."

"என் பேரும் இருக்கட்டும் கீழ."

திங்கட்கிழமை கூப்பிட்டார்கள். எண்ணெய்க் கம்பெனியின் பெரிய பொறியாளர் திரையில் வந்தார். பின்னால் ஏசி ஓடும் அறை, கண்ணாடிச் சுவர். ஹசீனாவுக்குப் பின்னால் மோட்டார் அட்டைப்பெட்டிகள் தெரியாதிருக்கத் தொங்கவிட்ட பச்சைத் திரைச்சீலை. அவர் ஆங்கிலத்தில்தான் பேசினார். கோபம் இல்லை. அதைவிட மோசமான ஒரு மரியாதை இருந்தது.

மூன்று வருடமாகப் பச்சை கொடுத்தீர்கள், ஒரே வாரத்தில் சிவப்பு, எதை நம்புவது என்று கேட்டார்.

போன வாரம் வரை சிப்பியைக் கேட்டு உறுதி செய்யாமல் மாடலில் ஏற்றிக்கொண்டிருந்தோம், அந்தப் பச்சைகளை நம்ப வேண்டாம் என்றாள் ஹசீனா. மோகன்குமார் தண்ணீர் குடித்தார்.

எத்தனை சதவீதம் உறுதி?

"தெரியல சார். கீழ போய்ப் பாத்தா தெரியும்."

மறுமுனையில் மைக்கை அணைத்துவிட்டு ஏதோ பேசிக்கொண்டார்கள். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஒருவர் சிரித்தார். போல்ட்டைப் பற்றித்தானோ என்னவோ. பிறகு மைக்கைத் திறந்தார்கள். பக்கத்து மேடைக்குக் கேமரா இறக்கும் படகு ஒன்று ஏற்கெனவே போகிறது, கடல் இடம் கொடுத்தால் அரைநாள் ஏழாம் மேடைக்குத் திருப்புகிறோம், அந்த ஒரு குழாயை மட்டும் பார்ப்போம், வேறெதையும் தேட மாட்டோம் என்றார் பெரிய பொறியாளர். நன்றி சொல்வதற்குள் திரை அணைந்தது.

பிறகு காத்திருப்பு. காற்று இருக்கிறது, படகு நிற்கிறது என்றார்கள். காற்று அடங்கியது, கேமரா பழுது என்றார்கள். ஹசீனா மற்ற எட்டு மேடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவில் தூங்கினாளா என்று கேட்டால் தூங்கினாள். அலுப்பு அப்படி. ஆனால் எழும்போது அலுப்பும் கூடவே எழுந்தது. மாமியாருக்கு முட்டி ஊசி போட காஞ்சிபுரம் கூட்டிப்போய் வந்தாள். வரும் வழியில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்த்தாள். உத்திரமேரூர் மேகத்துக்கும் அரபிக்கடல் மேகத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

செய்தி வந்த அன்று அவள் கீழே கடையில் இருந்தாள். உபைதுல்லா சரக்கு எடுக்கப் போயிருந்தான். பெருநகரிலிருந்து தமிழ்வாணன் என்கிற விவசாயி வந்து, பழைய மோட்டாரை வைத்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருந்தார்.

"வாங்கி ஒரு வருசம் ஆவலம்மா, பொகையுது. இன்னா மோட்டார் இது? ஊதுவத்தியா?"

"வோல்டேஜ் எப்பிடிண்ணா உங்க ஊர்ல?"

"அதான பாத்தேன்! இன்னும் வோல்டேஜ்க்கு வரலியேன்னு."

போன் அடித்தது. மோகன்குமார்.

"பாத்துட்டாங்க." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "கிழக்கு முகம். நீ சொன்ன குழாய் தான். கீழ் முனையில வெல்டிங் முக்காவாசி சுத்தி விட்டிருக்கு. கைய உள்ள விடலாம் போல இருக்கு, படம் அனுப்பறேன்."

"ஆளுங்க?"

"பாதிப் பேரை இந்த வாரமே கரைக்குக் கூட்டிட்டு வராங்க. மழைக்குள்ள ஒரு பட்டி போட்டு இறுக்கப் பாக்கறாங்க. முடியலன்னா மீதிப் பேரையும் இறக்கிடுவாங்க."

"நல்லது சார்."

"நல்லது தான்." தாள் புரளும் சத்தம் கேட்டது. "விளக்கம் கேட்டிருக்காங்க. ஏன் மூணு வருஷம் பச்சைன்னு. பாராட்டு லெட்டர்னு நினைச்சு தொறந்தேன், இது இருந்துச்சு."

ஹசீனாவுக்குச் சிரிப்பு வந்தது. நிற்காமல் கொஞ்ச நேரம் வந்தது. தமிழ்வாணன் மோட்டாரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எழுதறேன் சார். நடந்ததை எழுதறேன்." பிறகு சொன்னாள்: "மத்த எட்டுலயும் சிப்பி போட்டிருக்கோம் சார்."

"தெரியும்மா."

"அங்கயும் யாரையும் கேக்கல."

"தெரியும்னு சொல்றேன்ல." அவர் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் உயர்ந்து, உடனே இறங்கியது. "திங்கக்கிழமை உக்காந்து பேசலாம்."

"படகு இப்ப அங்க தான சார் இருக்குது? திங்கக்கிழமை வரைக்கும் இருக்குமா?"

"சரி. நான் படகுக்காரங்ககிட்டப் பேசறேன். நீ மேடைங்களைக் கேளு."

போனை வைத்தாள். தமிழ்வாணனிடம், "ஒரு போன் மட்டும் பேசிக்கிறேண்ணா, வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"பேசு, பேசு. மோட்டார் எங்க ஓடிடப் போவுது? அது ஓடறதா இருந்தா நான் ஏன் வரேன்?"

ஒன்றாம் மேடையின் எண்ணைத் தேடி எடுத்தாள். இத்தனை வருடத்தில் அந்த எண்ணுக்கு அவள் ஒருமுறைகூடப் பேசியதில்லை. நெடுநேரம் அடித்தது. எடுத்தவர் இந்திக்காரர். தூக்கக் கலக்கமான குரல். யார், எங்கிருந்து என்று கேட்டார். ஹசீனா தன் அரைகுறை இந்தியில் பெயரைச் சொன்னாள், கம்பெனியைச் சொன்னாள், உத்திரமேரூர் என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சரி, என்ன வேணும்?"

மேடையின் காலில் சிப்பி இருக்கிறதா, எப்போதாவது வந்து சுரண்டினார்களா என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது.

"இருங்க" என்றார். "எட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

போனை எங்கோ வைத்துவிட்டு அவர் நடந்து போகும் சத்தம் இரும்புத் தரையில் தடதடவென்று கேட்டது. ஹசீனா நாற்காலியில் உட்கார்ந்து, போனைக் காதோடு வைத்துக்கொண்டு, அவர் வரும்வரை காத்திருந்தாள்.